குப்பாயி என்றே எழுதுங்கள்

1

என் பெயர் போதும்பொண்ணு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம். எனக்கு அவசரமில்லை.

மணப்பாறைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலாயாவுக்குக் கப்பலேறியவள் நான். மலாக்கா மாநிலத்தில், செலண்டார் சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் தமிழ்ப் பள்ளித் தலைமை ஆசிரியர். நான் சின்ன வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தலைமை ஆசிரியர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பள்ளியில் ஆசிரியர்களே நாங்கள் இரண்டு பேர்தான்.

போன மாதம் பெரியப்பா மகன் அண்ணன் ஊரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை அனுப்பியிருந்தார். அதில் ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார். குழந்தைகளுக்கு வைக்கத் தகுந்த நாகரிகப் பெயர்கள் என்று ஒரு பட்டியல். அடியில் கட்டம் கட்டி இன்னொரு சின்னப் பட்டியல்: இனிமேல் யாரும் வைக்கக்கூடாத கர்நாடகப் பெயர்களாம். பிச்சை, மண்ணாங்கட்டி, அமாவாசை, குப்பாயி. கடைசியில் என் பெயர். கூடவே அண்ணனின் கடிதம்: “உனக்கு அடுத்தது பிறந்தால் மேலே இருப்பதில் ஒன்றைப் பார்த்து வை. கீழே இருப்பதைப் பார்த்துக் கோபப்படாதே.”

கோபப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் பட்டியலைப் போட்டவருக்கும், அதைப் படித்துச் சிரித்தவர்களுக்கும், என் அண்ணனுக்கும் சேர்த்து.

2

என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். தெரியாததை அந்தந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் கேட்டேன்.

ஒச்சாயி என்றொரு பெண். உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சாண்டம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவள். அவளும் அவள் அம்மாவும் அந்தக் கோயிலைப் பார்த்ததே இல்லை. பாட்டன் காலத்தில் கப்பலேறிய குடும்பம். சாமி இருக்கும் திசைகூடத் தெரியாது. பெயர் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ராக்காயி என்பது அழகர்மலைத் தீர்த்தத்தில் காவல் இருக்கும் அம்மனின் பெயர். தவிட்டாயி என்றால் தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை. முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்ததை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டை அளந்து திரும்ப வாங்குவார்கள். இது அவள் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கியது என்று எமன் ஏமாந்துபோவான். பிச்சை என்றால் கடவுளிடம் கையேந்தி வாங்கியவன். அமாவாசை என்றால் அன்றைக்குப் பிறந்தவன். பஞ்சாங்கம் பார்க்க ஆளில்லாத லயத்து வரிசை வீடுகளில் பிள்ளையின் பெயர்தான் பஞ்சாங்கம்.

சூசை என்றொரு பையன். யோசேப்பு என்ற பெயர் போர்த்துக்கீசியப் பாதிரிமார் வாயில் ஜோசே ஆகி, நம் கடற்கரைக்கு வந்து சூசை ஆகியிருக்கிறது. மலாக்கா டவுன் கடலோரத்தில் அந்தக் காலத்துப் போர்த்துக்கீசியரின் வழிவந்த மீனவர்கள் இருக்கிறார்கள். அங்கே இறால் விற்கிற ஒருவர் பெயர் ஜோசே. எங்கள் சூசைக்கும் அவருக்கும் ஒரே பெயர் என்று நான் சொன்னபோது, இரண்டு பேருமே நம்பவில்லை.

என் பெயருக்கு வருகிறேன். எனக்கு முன்னால் மூன்று அக்காமார். நான்காவதும் பெண் என்றதும் அப்பா, “போதும் பொண்ணு” என்றார். அதுவே பெயராக நின்றுவிட்டது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோபம் அவருடையது, பெயர் என்னுடையது. எனக்குப் பின்னால் ஒரு தம்பி பிறந்தான். கேலி செய்கிறவர்களிடம் அம்மா சொல்வாள்: “எம்மக சொன்னாத்தான் சாமி கேக்குது.” அம்மாவைப் பொறுத்தவரை அந்தப் பெயர் சாமிக்கே போட்ட உத்தரவு.

இவ்வளவு சொல்கிறவள் ஆரம்பத்திலிருந்தே இப்படித் துணிச்சலாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்துக்கு வந்து இறங்கிய அன்றே என் கணவர் என்னைப் ‘புஷ்பம்’ என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. சில வருஷங்கள் எல்லோருக்கும் நான் புஷ்பம் டீச்சர்தான். அந்தப் பொய்யால் ஒரு குடும்பம் பட்ட பாட்டைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

3

நான் வந்த மறுவருஷமே அவசரகாலச் சட்டம் வந்துவிட்டது. காட்டில் ஆயுதத்தோடு இருந்தவர்களுக்கும் சர்க்காருக்கும் சண்டை. நடுவில் நாங்கள். சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டிச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு வாசல். அங்கே துப்பாக்கியோடு காவலர்கள். காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களின் சோற்றுச் சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். அதிகமாக ஒரு பிடி அரிசி போனாலும் அது காட்டுக்குத்தான் போகிறது என்று அர்த்தம். அரிசி, சீனி, டின்பால் எல்லாம் அட்டைக்குத்தான். பன்னிரண்டு வயது தாண்டிய எல்லோருக்கும் படமும் கைரேகையும் ஒட்டிய அடையாள அட்டை, ஐ.சி. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அந்த வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்.

அந்த நாட்களில் பெயர் என்பது கூப்பிடுவதற்கு மட்டும் இல்லை. பட்டியலில் இருக்கிற பெயர் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற ஆள் பட்டியலில் இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டுக்கு எதிர் லயத்தில் வீராயி இருந்தாள். பால்மரம் வெட்டுகிறவள். புருஷன் சடையன் அதிகம் பேசமாட்டான். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் போய்விட்டன. ஒன்று ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில். இன்னொன்று பிறந்த இருபதாம் நாள், காரணமே தெரியாமல். மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது.

ஏழாம் நாள் காலையில் வீராயி என் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் முறம். முறத்தில் பழைய சேலை சுற்றிய குழந்தை.

“டீச்சர், ஒங்க கையால தூக்கிக் குடுக்கணும்.”

“எதை?”

“புள்ளையத்தான். ஒங்க மக செல்லம் நோய் நொடி இல்லாம நல்லாருக்கா. ஒங்க கை ராசியான கை. நான் கொண்டுபோய்க் குப்பையில வெச்சிட்டு வந்துர்றேன். நீங்க தூக்குங்க.”

லயத்துக் கடைசியில் குப்பை மேடு. வாழைச்சருகும் சாம்பலும் முட்டை ஓடும் கிடந்தன. வீராயி முறத்தை அதன்மேல் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீட்டு வாசல்வரை போய் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். குழந்தை வீறிட்டு அழுதது. அவள் தோள் குலுங்கியதே தவிர முகம் திரும்பவில்லை. நான் முறத்தோடு தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

“குப்பையில ஒரு புள்ள கெடந்துச்சு. வேணுமா?” என்று கேட்டேன். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“குடுங்க. நான் வளக்குறேன்” என்றாள்.

குப்பாயி என்று பெயர் வைத்தார்கள். எமன் வந்தாலும், தாயே வேண்டாம் என்று எறிந்ததை நான் எதற்கு எடுக்க வேண்டும் என்று போய்விடுவான் என்பது கணக்கு. நான் எட்டாவது படித்தவள். இதையெல்லாம் நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அந்த நடையை, திரும்பிப் பார்க்காமல் அவள் நடந்த நடையை, நம்பினேன்.

4

பிறப்பைப் பக்கத்து டவுன் போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டும். அங்கே கொடுக்கிற பிறப்புப் பத்திரத்தை இங்கே எல்லோரும் ‘சூராட்’ என்பார்கள். அந்தச் சூராட் இருந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும், பால் டின் கிடைக்கும். பின்னால் இந்த மண்ணில் பிறந்தவள் என்று காட்ட வேறு எதுவும் கிடையாது. வீராயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் நான் துணைக்குப் போனேன்.

அங்கே எழுத்து வேலைக்கும் மொழிபெயர்ப்புக்கும் நல்லதம்பி என்றொருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி. ஏழைகளிடம் எரிந்து விழாதவர். அதை இப்போதும் சொல்வேன்.

“பிள்ளையின்ர பேர்?”

“குப்பாயி.”

பேனா நின்றது. “என்ன பேர் அம்மா இது? குப்பையோ? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில பிள்ளையளெல்லாம் சிரிப்பினம்.”

“அதுதாங்க பேரு” என்றாள் வீராயி.

அதற்குள் குழந்தை சிணுங்க, அவள் பால் கொடுக்க வராந்தாவின் அந்தப் பக்கம் போனாள். நல்லதம்பி என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், நீங்கள் படிச்சனீங்கள். கமலா எண்டு எழுதிவிடுறன். தாமரைப் பூ. நல்ல பேர். வீட்டில அவை என்னவும் கூப்பிடட்டும். கடதாசியில நல்லதாக இருக்கட்டுமே.”

நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன்.

குப்பையிலிருந்து அந்தக் குழந்தையைத் தூக்கிய அதே வாரத்தில் தலையாட்டினேன். ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்றுகூட நினைத்தேன். உண்மை அதுவல்ல. நான் புஷ்பமாக இருந்து தப்பித்துக்கொண்டவள். அவளையும் அதே வழியில் தப்பிக்க வைக்கிறேன் என்று நினைத்தேன். வீராயியிடம் நான் சொல்லவில்லை. அவள் அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள்.

5

ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. அட்டையைக் காட்டினால் பால் டின் வந்தது; பெயரை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஆறாம் மாதத்தில் ஒருநாள் காலை, பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து முடிந்த கையோடு, வேலியைச் சுற்றி லாரிகள் வந்து நின்றன. யாரும் வேலைக்குப் போகக்கூடாது, அவரவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சோதனை. ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், கூடவே மலாய் போலீஸ்காரர்கள். வீடு வீடாகப் பட்டியலை வாசித்துக்கொண்டு வந்தார்கள்.

வீராயி வீட்டு வாசலில், “சடையன்!” என்றார்கள். கை தூக்கினான். “வீராயி!” கை தூக்கினாள். “கமலா!”

யாரும் கை தூக்கவில்லை.

“கமலாவா? எங்க வூட்ல அப்புடி யாரும் இல்லீங்களே” என்றாள் வீராயி, சத்தமாக, தெளிவாக.

“உன் கையில் இருப்பது யார்?”

“இது குப்பாயி. எம் மக.”

பட்டியலில் குப்பாயி இல்லை. கமலாவுக்கு ஐந்து மாதமாகப் பால் டின் வாங்கியிருக்கிறார்கள். கமலா எங்கே? இல்லாத பிள்ளையின் பெயரில் வாங்கிய பால் எங்கே போனது? வேலிக்கு அந்தப் பக்கமா? காட்டுக்கா? இந்தக் கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால் அந்த நாட்களில் வழக்கு, வக்கீல் எதுவும் கிடையாது. நேராகக் காவல் முகாம்தான். அப்படிப் போனவர்களில் சிலர் இந்தியாவுக்கே நாடு கடத்தப்பட்டார்கள், இந்தியாவைப் பார்த்தேயிராதவர்கள்கூட.

சடையன் ஏதோ சொல்ல வந்தான். அவனைத் தள்ளி நிறுத்தினார்கள். வீராயியைக் குழந்தையோடு லாரியில் ஏற்றினார்கள். அவள் கத்தவில்லை. லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்: “யாரு அந்தக் கமலா? யாராச்சும் சொல்லுங்களேன்!”

நான் எதிர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

லாரி போனபின் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டவுனுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். “நீ போகாதே. போனா ஒன்னையும் புடிச்சு வெச்சுக்குவான். பொய்யாப் பதிஞ்சதுக்கு நீயும் கூட்டுன்னு சொல்லுவான். நமக்குப் புள்ள இருக்கு.”

“அவளுக்கும் இருக்குங்க. அதத்தான் இல்லேங்குறாங்க.”

அதற்குமேல் அவர் தடுக்கவில்லை. செல்லத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மானேஜர் அலுவலகத்துக்குப் போய், நான் வேலிக்கு வெளியே போக அனுமதிச் சீட்டும் அவரே எழுதி வாங்கி வந்தார். நான் சைக்கிளில் டவுனுக்குப் போனேன்.

6

வாசலில் இருந்த சார்ஜெண்ட் ஐ.சி. கேட்டார். வயதான மலாய்க்காரர், மீசை நரைத்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்: “பொ-தும்-பொ-னு.”

உள்ளே பெஞ்சில் இருந்த வீராயி நிமிர்ந்து பார்த்தாள். “டீச்சர், ஒங்க பேரு புஷ்பமில்லியா?”

“இல்ல வீராயி. போதும்பொண்ணு.”

அவளுக்கு அப்போதிருந்த நிலையிலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, கமலா யார் என்பதையும் நான் தலையாட்டியதையும் சொன்னேன்.

“நீங்கதான் டீச்சர் தூக்குனீங்க” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சார்ஜெண்டிடம் எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் பேசினேன். இந்தக் குழந்தைதான் அந்தக் கமலா. உண்மையான பெயர் குப்பாயி. அவர் கேட்டார், “குப்பாயி? அப்பா மக்னா?” என்ன அர்த்தம் என்று. குப்பைக்கு மலாயில் சம்பா என்று சொல்வார்கள். “சம்பா” என்றேன். பக்கத்தில் இருந்த இளம் போலீஸ்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் விடவில்லை. கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். இரண்டு பிள்ளை செத்துவிட்டது. மூன்றாவது சாகக்கூடாது. அதனால் குப்பையில் போட்டாள். “புவாங்”, எறிந்தாள். பிறகு நான் எடுத்தேன். எடுத்தேன் என்பதற்கு மலாய்ச் சொல் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. குனிந்து தரையிலிருந்து எதையோ எடுப்பதுபோல் செய்துகாட்டினேன்.

சார்ஜெண்ட்தான் அந்தச் சொல்லைச் சொன்னார். “பூங்குட்.”

“யா, பூங்குட்!” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தன் நெஞ்சில் விரலை வைத்து மெதுவாகச் சொன்னார்: “நாமா சாயா பூங்குட்.”

என் பெயர் பூங்குட். பொறுக்கி எடுக்கப்பட்டவன் என்று அர்த்தம். அவருக்கு முன் பிறந்த மூன்று பேர் தங்கவில்லையாம். நான்காவதான அவரை அம்மா கொண்டுபோய்ப் பலாமரத்தடியில் வைத்துவிட்டு வந்தாளாம். அண்டை வீட்டுக்காரி எடுத்து வந்து கொடுத்தாளாம். அவர்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், புவாங் என்ற பெயரிலும் ஒருவர் இருக்கிறாராம், எறியப்பட்டவர். எங்கள் மதம் வேறு, மொழி வேறு, சோறு வேறு. ஆனால் பிள்ளை செத்துவிடுமோ என்று பயப்படுகிற தாய்க்கு இரண்டு ஊரிலும் ஒரே யோசனைதான் தோன்றியிருக்கிறது. இதை அந்த வாரப் பத்திரிகைக்காரர் எந்தக் கட்டத்துக்குள் போடுவார்?

சார்ஜெண்ட் பூங்குட் எங்களை இன்ஸ்பெக்டர் அறைக்குக் கூட்டிப்போனார். நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. சோதனையில் எடுத்து வந்த சூராட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “குப்பாயி என்று சொன்னதைக் கமலா என்று யார் எழுதுவார்கள்? எதற்கு எழுத வேண்டும்?” என்று கேட்டார்.

நல்லதம்பியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து வீராயியையும் என்னையும் மேசைமேல் இருந்த தாளையும் பார்த்தார். பதிவேட்டில் பொய்ப் பெயரை எழுதுவது அவசரகாலத்தில் சின்னக் குற்றமில்லை. வேலை போகும். அதற்கு மேலும் ஆகலாம். இந்தப் பெண்கள் அன்றைக்குக் கமலா என்றுதான் சொன்னார்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்; எழுத்துத் தெரியாதவளின் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள்.

நான் முந்திக்கொண்டேன். தமிழிலேயே சொன்னேன். “ஐயா, அன்னைக்கு நானும் பக்கத்துல இருந்தேன். எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு. நானும் சரின்னு தலையாட்டுனேன். இவளுக்குத் தெரியாது. இத மட்டும் அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லிடுங்க. உங்களப் பத்தி நீங்க என்ன சொல்லணுமோ அது உங்க இஷ்டம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினார். நீளமாகப் பேசினார். எனக்கு ஒன்றிரண்டு சொற்கள்தான் பிடிபட்டன. கடைசியில் எங்களிடம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“நான்தான் எழுதினனான் எண்டு சொல்லிப்போட்டன். டீச்சரின்ர பேரை இதுக்குள்ள இழுக்கேல்லை.”

இன்ஸ்பெக்டர் நல்லதம்பியைக் கடுமையாக ஏசினார் என்பது குரலிலேயே தெரிந்தது. பிறகு பேனாவை எடுத்துத் தாளில் கமலாவை அடித்தார். மேலே சரியான பெயரை எழுதி, முத்திரை குத்தி, வீராயியின் பெருவிரலை வைக்கச் சொன்னார்.

வீராயி விரலைக் கொடுக்கவில்லை. கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“மொதல்ல படிச்சுக் காட்டச் சொல்லுங்க.”

நல்லதம்பி படித்தார். “குப்பாயி.”

“எங்கிட்ட இல்ல. புள்ள காதுல சொல்லுங்க. ஒருக்கா ஏமாத்திட்டீங்க. இப்ப பேரு வெக்கிறாப்புல மூணு தடவ சொல்லுங்க.”

அந்த அறையில் ஒரு வெள்ளைக்காரர், ஒரு மலாய்க்காரர், துப்பாக்கி, வரைபடங்கள். வெளியே முள்கம்பி. இன்ஸ்பெக்டர் என்னவென்று கேட்டார். சார்ஜெண்ட் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கஞ்சி போட்ட சட்டைக்காரர் குனிந்தார். பால் மணக்கும் அந்தக் குழந்தையின் காதருகில் வாயை வைத்து, “குப்பாயி. குப்பாயி. குப்பாயி” என்றார்.

அதற்குப் பிறகுதான் வீராயி விரலை நீட்டினாள்.

7

அன்றைக்குத் திரும்பும்போது வீராயி என்னோடு பேசவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் செம்மண் சாலையில் நடந்தோம். தோட்ட வாசல் தெரிந்ததும், “டீச்சர், ஒங்களுக்கு அந்தப் பேரு யாரு வெச்சா?” என்று கேட்டாள்.

“எங்கப்பா. நாலாவதும் பொண்ணுன்னு.”

“அந்தாளு கெடக்குறாரு” என்றாள். “நல்ல பேருதான். திடமா இருக்கு.” அதுதான் அவள் என்னை மன்னித்த விதம்.

நல்லதம்பியை அந்த மாதமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை என்று கேள்விப்பட்டு நிம்மதி அடைந்தேன். டவுனிலிருந்து திரும்பிய மறுநாளே பள்ளியில் கரும்பலகையில் என் பெயரை எழுதினேன். பிள்ளைகள் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது. என் கணவருக்குப் பழக ஒரு வருஷம் ஆயிற்று.

சில வருஷத்தில் எங்கள் பக்கத்தைக் கட்டுப்பாடு நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்து வேலியை எடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் இன்னும் சண்டை ஓயவில்லை. என் மகள் செல்லம் இப்போது டவுனில் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறாள். அங்கே அவளை ஷெல்லி ஆக்கிவிட்டார்கள். “அம்மா, ஷெல்லின்னா ஈசி லா. செல்லம்னா அவங்களுக்கு வாயில வரல” என்கிறாள். வராவிட்டால் வரவழைக்கச் சொல், சார்ஜெண்ட் ஒருவர் போதும்பொண்ணு என்பதையே எழுத்துக் கூட்டிப் படித்தார் என்றேன். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தினமும் நடக்கிற சண்டைதான் இது. நான் ஓய்வதாக இல்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

குப்பாயிக்கு இப்போது ஏழு வயது. என் வகுப்பில்தான் இருக்கிறாள். ஓட்டத்தில் பையன்களை முந்துவாள். வாய்ப்பாட்டை மட்டும் விழுங்கிவிடுவாள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபின் எல்லோரும் போக, அவள் மட்டும் போகாமல் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பையன்கள் கேலி செய்திருக்கிறார்கள்.

“டீச்சர், எனக்கு இந்தப் பேரு வேணாம். வெக்கமா இருக்கு. ராஜகுமாரின்னு மாத்தி எழுதுங்க டீச்சர்.”

ஒருமுறை தலையாட்டி வாங்கியது போதும். “அம்மாகிட்ட கேப்போம், வா” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் எனக்குப் பயம். எந்தப் பெயருக்காக லாரியில் ஏறினாளோ, அந்தப் பெயரை மகளே வேண்டாம் என்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

வீராயி குழாயடியில் பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வெக்கமா இருக்கா?”

குப்பாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

வீராயி சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். குழாயடியில் இருந்த பெண்களையெல்லாம் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

“ஏ, இங்க வாங்கடி! கேட்டீங்களா சங்கதிய? எம்மக வெக்கப்படுறாளாம்! மொத ரெண்டுக்கும் வெக்கப்பட நேரமில்லாமப் போச்சு. இவ வெக்கப்படுற அளவுக்கு வளந்துட்டாடி!”

பிறகு ஈரக் கையோடு மகளின் முகத்தை நிமிர்த்தினாள்.

“வேற பேரு வேணும்னா வயசு வந்து நீயே போயி மாத்திக்க, தாயி. யாரு கால்லயும் விழாத. டேசனுக்குப் போயி நிமிந்து நின்னு சொல்லு. அதுவரைக்கும் எவனாச்சும் சிரிச்சான்னா எங்கிட்ட வந்து அழாத. அவனையும் மூணு தடவ சொல்ல வையி.”